ஓய்வூதியத்துக்குப் பதிலாகத் தனிக்கணக்கு வந்தால் பிரதேச சபை ஊழியருக்கு என்ன மாறும்?

கேள்வி திருகோணமலையில் பிரதேச சபையில் வேலை செய்யும் ஒருவருடையது. சுருக்கமாக, ஆபத்து அரசிடமிருந்து ஊழியர் கைக்கு மாறும்.

ஓய்வூதியத்தில் கடைசிச் சம்பளமும் சேவைக்காலமும்தான் கணக்கு. சாகும்வரை மாதாமாதம் வரும், பிறகு துணைக்கும் ஒரு பங்கு போகும். தனிக்கணக்கு என்றால் உங்கள் பெயரில் மாதாமாதம் காசு போடும் கணக்கு; அதில் சேர்ந்தது எவ்வளவோ அவ்வளவுதான். தொண்ணூறு வயதுவரை இருந்தால், முடிந்த காசுக்கு யாரும் பொறுப்பில்லை.

நமக்குத் தெரிந்த உதாரணம் ஊழியர் சேமலாப நிதியம். சம்பளத்தில் ஊழியர் 8%, முதலாளி 12% போடுவார்கள். 40,000 ரூபாய் சம்பளத்துக்கு மாதம் 8,000 சேரும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 2022க்கு அந்த நிதியம் கொடுத்த வட்டி 9%. அந்த வருசம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்டது. அதுவரை சேர்த்ததன் மதிப்பு எப்படிக் கரைந்தது என்று கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஓய்வூதியக்காரரும் அடி வாங்கினார்கள்தான், ஆனால் ஓய்வூதியத்தை அரசு பிறகு உயர்த்தலாம். கரைந்த கணக்கை யார் நிரப்புவது?

தனிக்கணக்கிலும் ஒரு நல்லது உண்டு: இடையில் வேலையை விட்டாலும் காசு உங்களுடையது.

அரசுக்கு உடனே மிச்சமாகும் என்பதை நான் நம்பவில்லை. பழைய ஓய்வூதியங்களையும் கொடுக்க வேண்டும், புதியவர்களின் கணக்கிலும் மாதாமாதம் போட வேண்டும். அமெரிக்காவின் அலாஸ்கா 2006இல் புதிதாகச் சேர்பவர்களை மட்டும் மாற்றியது. பழையவர்களுக்கான கடன் அப்படியே நின்றது.

உங்கள் நியமனக் கடிதத்தில் ஓய்வூதியம் பற்றிய வரியை முதலில் பாருங்கள்.