படிப்பு முடித்ததும் சேர எந்த மாதிரி ஆடிட், கன்சல்டிங் நிறுவனம் நல்லது?

ஆடிட், வரி, கன்சல்டிங் மாதிரி நிறுவனத்தில் ஃபிரெஷராகச் சேரப் போகிறேன், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளத்தையும் பெயரையும் நீங்களே பார்த்திருப்பீர்கள், அதை விடுங்கள். நான் முதலில் பார்ப்பது, புதிதாக வந்தவருக்குச் சொல்லித்தரும் நேரம் யார் கணக்கில் ஏறுகிறது என்பதைத்தான்.

இந்தத் தொழிலில் விற்பதே ஆட்களின் நேரம்தானே. ஒவ்வொரு கிளையன்ட் வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று பட்ஜெட் உண்டு, எல்லாரும் டைம்ஷீட் நிரப்பியாக வேண்டும். சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் விளக்கினால், அதையும் எங்காவது எழுதத்தான் வேண்டும். பட்ஜெட்டில் அதற்கு இடமே இல்லையென்றால் அவர் விளக்க மாட்டார். உங்கள் ஃபைலை வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாகத் தானே திருத்தி அனுப்பிவிடுவார். பாவம், அவருக்கும் வேறு வழியில்லை. நீங்களும் பத்து மணி நேரம் உழைத்துவிட்டு எட்டு என்று எழுதப் பழகிவிடுவீர்கள். அடுத்த வருஷம் அந்த எட்டை வைத்துத்தான் பட்ஜெட் போடுவார்கள்!

நல்ல இடத்தில் ரிவியூ முடிந்த ஃபைல் உங்களிடமே திரும்பி வரும். 'வங்கியின் உறுதிக் கடிதத்தில் ஒரு தொகை, லெட்ஜரில் வேறு தொகை. வித்தியாசம் எதனால்?' என்று ஒரு குறிப்பு இருக்கும். தேடிப்பிடித்துப் பதில் எழுத வேண்டியது நீங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பயிற்சி வகுப்பு ஸ்லைடுகளில் கிடைக்காத பாடம் அதில்தான் கிடைக்கும்.

அப்புறம், சி.ஏ. மாதிரித் தொழில் தேர்வுகளுக்குப் படிக்கத் தரும் தேர்வு விடுப்பு. காகிதத்தில் தருவது சுலபம். கிளையன்ட் வேலை நெருக்கும்போதும் அது நிற்கிறதா, ஒரு தாளில் ஃபெயில் ஆனால் மறுபடி எழுத விடுவார்களா அல்லது வேலையே போய்விடுமா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

சில வருஷங்களிலேயே பலர் வெளியேறுவதை நான் குறையாக நினைப்பதில்லை. மேலே கொஞ்சம் பார்ட்னர்கள், கீழே நிறையப் பேர் என்பதுதான் இந்த நிறுவனங்களின் அமைப்பு. எல்லாருக்கும் மேலே இடம் இருக்காது. வெளியே போனவர்கள் எந்த வேலைக்குப் போனார்கள் என்று பாருங்கள், அது போதும். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் கணக்கு மோசடி விவகாரத்தில் சிக்கி, 2002-இல் அதன் ஆடிட் நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சன் சரிந்தபோது, அவ்வளவு பெரிய பெயரே காணாமல் போனது. அங்கே தொழில் கற்ற பலரை மற்ற பெரிய நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன.

சரி, இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? இன்டர்வியூ எடுக்கும் பார்ட்னரிடம் கேட்டுப் பயனில்லை, அவர் நல்லதாகத்தான் சொல்வார். அங்கே இரண்டாம் வருஷத்தில் இருக்கும் ஒருவரைப் பிடித்து, கடைசியாக அவர் ஃபைல் எதற்காகத் திரும்பி வந்தது என்று கேளுங்கள். உடனே ஓர் உதாரணம் சொன்னால் தைரியமாகச் சேரலாம். "அதெல்லாம் எங்க மேனேஜரே பார்த்துக்குவார்" என்றால், கையில் வேறு ஆஃபர் இருக்கிறதா என்று பாருங்கள்.