பதிவேட்டில் பெயர் கொடுத்தால் என் மகனுக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, டூஷேன் தசைச்சிதைவு நோய். நடக்கிறான், ஆனால் படி ஏற முடிவதில்லை. நோயாளிகள் பதிவேட்டுக்கு அவன் விவரங்களையும் மரபணுப் பரிசோதனை அறிக்கையையும் கேட்கிறார்கள். மருந்து எதுவும் தரப்போவதில்லையாம். அப்படியென்றால் அவனுக்கு என்ன பயன்? பிள்ளையைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று என் மாமியார் பயப்படுகிறார்.

பதில்: கொடுங்கள் அம்மா. டூஷேன் ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. தசை நார்கள் சிதையாமல் காக்கும் டிஸ்ட்ரோஃபின் புரதம் உடலில் உருவாவதில்லை, அதுதான் கோளாறு. அதற்கான மரபணுவில் எக்ஸான் எனப்படும் துண்டுகள் 79, அவற்றில் எது விடுபட்டிருக்கிறது என்பது பையனுக்குப் பையன் மாறும். 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எடெப்லிர்சென் என்ற மருந்து உடல் அந்தப் புரதத்தைத் தயாரிக்கும்போது 51-ஆவது எக்ஸானைத் தாண்டிப் போக வைப்பது, டூஷேன் நோயாளிகளிலேயே சுமார் 13 சதவீதம் பேருக்குத்தான் பொருந்தும் (அதன் பலன் எவ்வளவு என்ற விவாதமும் ஓயவில்லை). ஏற்கெனவே அரிய நோய், அதில் இந்த 13 சதவீதம், அதிலும் குறிப்பிட்ட வயதில் இன்னும் நடந்துகொண்டிருப்பவர்கள் என்று வடிகட்டிக்கொண்டே போனால் ஆராய்ச்சியாளர் ஆட்களை எங்கே போய்த் தேடுவார்? ஒரே நாட்டுக்குள் தேறமாட்டார்கள். 2007-ல் ஐரோப்பாவில் தொடங்கிய ட்ரீட்-என்எம்டி அமைப்பு பல நாட்டுப் பதிவேடுகளை இணைத்தது இதற்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. டூஷேன் பிள்ளைகளுக்குக்கூட ஏறத்தாழ ஏழு வயது வரை நடை தேறுவதுண்டு, அப்புறம்தான் இறங்கும். புது மருந்து எதுவும் எடுக்காத பிள்ளைகள் எந்த வயதில் எதை இழக்கிறார்கள் என்று வருடக்கணக்கில் குறித்துவைத்தால்தான், மருந்து எடுத்த பிள்ளை தாக்குப்பிடித்தது மருந்தாலா, வயதாலா என்று சொல்ல முடியும். அந்தக் குறிப்பு உங்களைப் போன்ற வீடுகளிலிருந்துதான் வரவேண்டும்.

மாமியாரிடம் சொல்லுங்கள், பதிவேடு வேறு, மருந்துச் சோதனை வேறு. சோதனைக்கு உங்கள் சம்மதம் தனியாக வேண்டும், பாதியில் விலகவும் உரிமை உண்டு. பதிவேட்டில் சேரும்போதே விவரம் யார் கையில் இருக்கும், யாருக்குக் கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் நீக்குவார்களா என்று கேட்டுவிடுங்கள். இதனால் உங்கள் மகனுக்கே மருந்து கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பொருத்தமான சோதனை வரும்போது அவன் இருப்பதே தெரியாமல் போகாது, அவ்வளவுதான்.

கேள்வி: 36 வயது, தசைநோயால் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். ஆராய்ச்சியாளர்களோடு பேச அழைத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு படித்த நான் அங்கே என்ன பேசுவது?

பதில்: அவர்களுக்குத் தெரியாததைப் பேசுங்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதை வைத்தே பல சோதனைகள் மருந்தை அளந்தன. நடக்க முடியாதவர்கள் அதனாலேயே வெளியே நின்றார்கள். ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தானாகத் தண்ணீர் எடுத்துக் குடிப்பதும், இரவில் யாரையும் எழுப்பாமல் புரண்டு படுப்பதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? கை அசைவை அளக்கும் தனி அளவுகோல் பின்னர் உருவானபோது நோயாளிகளையும் பெற்றோரையும் கலந்துதான் செய்தார்கள். பெற்றோர்கள் 1994-ல் தொடங்கிய பேரன்ட் ப்ராஜெக்ட் மஸ்குலர் டிஸ்ட்ரோஃபி என்ற அமைப்பு, டூஷேன் மருந்து தயாரிப்புக்கான வழிகாட்டி வரைவைத் தானே முன்னின்று தயாரித்து 2014-ல் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏவிடம் கொடுத்தது. 2018-ல் எஃப்டிஏவின் இறுதி வழிகாட்டி வந்தது.

பயணம் எவ்வளவு தாங்கும், தசைத் துண்டு எடுக்கும் பயாப்சிக்கு எத்தனை முறை சம்மதிப்பீர்கள், எந்தப் பக்கவிளைவை ஏற்கமாட்டீர்கள் என்றெல்லாம் திட்டம் தீட்டும்போதே சொல்லிவிடுங்கள். முடிவு எதுவானாலும் எங்களுக்குத் தெரிவிப்பீர்களா என்றும் கேளுங்கள். ரத்தமும் விவரமும் வாங்கிக்கொண்டு போனபின் ஒரு வரி பதில்கூட அனுப்பாதவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு, சோதனை தோற்றிருந்தாலும் அதைச் சொல்லும் கடமை அவர்களுக்கு இருக்கிறது.

கேள்வி: ஸ்டெம்செல் ஆராய்ச்சியில் சேர்க்கிறோம், பணம் கட்டுங்கள் என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். முறையான சோதனையில் சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குவது வழக்கமில்லை. ஆபத்தும் சாதாரணமானதல்ல. அனுமதி பெற்ற டூஷேன் மரபணு சிகிச்சையிலேயே, நடக்க முடியாத நிலையிலிருந்த இரண்டு பதின்வயதினர் 2025-ல் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். கண்காணிப்பு உள்ள இடத்தில் நடந்தது அது, கண்காணிப்பே இல்லாத இடத்தில் என்ன நடந்தாலும் வெளியே வராது. தவிர, ஒரு சிகிச்சை எடுத்திருந்தால் பிறகு வரும் நல்ல சோதனையில் சேர்க்கமாட்டேன் என்று சொல்லவும் கூடும். சோதனையின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேட்டு வாங்கி, உங்களைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.