1955ல அமெரிக்காவுல முக்கியமா என்னென்ன நடந்துச்சு?

பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு 1955ஆம் வருஷம் வந்திருக்கு, அமெரிக்க வரலாற்றுல இருந்து சில சம்பவம் எடுத்து எழுதணும், எதை எடுக்கலாம்னு கேட்டிருக்கீங்க. நான் மேரிலாண்ட்ல பதினாறு வருஷமா இருக்கேன், வரலாறு படிச்சவ இல்ல, ஆனா இந்த ஒரு வருஷத்தைப் பத்தி மட்டும் கொஞ்சம் தேடித் தேடிப் படிச்சிருக்கேன், ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல எல்லா லிஸ்ட்லயும் வர்றதைச் சொல்லிடறேன். ஏப்ரல் 15 ரே க்ராக்னு ஒருத்தர் சிகாகோ பக்கத்துல டெஸ் ப்ளெய்ன்ஸ்ல தன்னோட முதல் மெக்டொனால்ட்ஸ் கடையைத் திறந்தார், ஹாம்பர்கர் 15 சென்ட். ஏப்ரல் 18 பிரின்ஸ்டன்ல ஐன்ஸ்டீன் இறந்தார். ஜூலை 17 கலிஃபோர்னியாவுல டிஸ்னிலேண்ட் திறந்தாங்க, டிவியில நேரடி ஒளிபரப்பு, கள்ள டிக்கெட்ல வந்த கூட்டமே ஆயிரக்கணக்குல, புதுசா போட்ட தார் வெயில்ல இளகி லேடீஸ் ஹீல்ஸ் எல்லாம் அதுல புதைஞ்சுச்சு. செப்டம்பர் 24 ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு டென்வர்ல ஹார்ட் அட்டாக், அடுத்த திங்கட்கிழமை பங்குச் சந்தை சரிஞ்சுச்சு. அக்டோபர்ல ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் டீம் முதல் தடவையா வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சாங்க. இது அவ்வளவும் நடந்ததுதான், ப்ராஜெக்ட்ல ஒரு வரி ஒரு வரியா போட்டுக்கலாம். ஆனா அந்த வருஷத்தோட கனம் இதுல இல்லன்னு நான் நினைக்கிறேன்.

எனக்கு 1955ன்னா முதல்ல ஞாபகம் வர்றது எங்க அத்தைதான். அத்தை பிறந்தது 1961, மூணு வயசுல காய்ச்சல் வந்து இளம்பிள்ளை வாதம்னு சொன்னாங்க, வலது கால் சூம்பிப் போச்சு. அவங்க நடந்து வர்ற சத்தம், அந்த இரும்பு காலிப்பர் சிமெண்ட் தரையில டக் டக்னு விழற சத்தம் இன்னைக்கும் என் காதுல இருக்கு. அந்த நோய்க்கு ஊசி 1955லயே வந்துடுச்சுன்னு நான் பெரியவளானப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன், அத்தை பிறக்கறதுக்கே ஆறு வருஷம் முன்னாடி. அந்த ஊசி அவங்க ஊருக்கு வந்து சேரல, அவ்வளவுதான்.

அமெரிக்காவுல 1952ல மட்டும் சுமார் 58,000 பேருக்கு போலியோ, மூவாயிரத்துக்கும் மேல சாவு. கோடை வந்தாலே நீச்சல் குளத்தை மூடுவாங்க, பிள்ளைங்களை சினிமா தியேட்டருக்கு அனுப்ப மாட்டாங்க. மூச்சு விட முடியாத பிள்ளைங்களை கழுத்து மட்டும் வெளிய தெரியற மாதிரி ஒரு பெரிய இரும்பு உருளைக்குள்ள படுக்க வெச்சிருப்பாங்க, அயர்ன் லங்னு பேரு, ஆஸ்பத்திரி ஹால்ல வரிசை வரிசையா. ஜோனாஸ் சால்க் பிட்ஸ்பர்க்ல தடுப்பூசி கண்டுபிடிச்சார், அதைச் சோதிச்சுப் பாக்க பணம் அரசாங்கம் கொடுக்கல, ஜனங்க கொடுத்தாங்க, பத்து சென்ட் பத்து சென்ட்டா, வீடு வீடா அம்மாமாருங்க கதவைத் தட்டி வசூல் பண்ணது. 1954ல சுமார் 18 லட்சம் பிள்ளைங்க அந்தச் சோதனையில கலந்துக்கிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, மருந்து இன்னும் நிரூபணம் ஆகல, போடறது வெறும் தண்ணி ஊசியாக்கூட இருக்கலாம், தெரிஞ்சே பெத்தவங்க கையெழுத்துப் போட்டு அனுப்பினாங்க. 1955 ஏப்ரல் 12, மிச்சிகன் யுனிவர்சிட்டியில தாமஸ் ஃப்ரான்சிஸ் முடிவை அறிவிச்சார், பாதுகாப்பானது, வேலை செய்யுதுன்னு. போலியோவால கால் செயலிழந்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறந்து சரியா பத்து வருஷம் அன்னைக்கு. சர்ச் மணி அடிச்சாங்க, தெருவுல முன்பின் தெரியாதவங்க கட்டிப் பிடிச்சு அழுதாங்க. அன்னைக்கு ராத்திரி டிவியில இதோட பேடன்ட் யார்கிட்ட இருக்குன்னு கேட்டதுக்கு சால்க், ஜனங்ககிட்டதான், பேடன்ட்டே கிடையாது, சூரியனுக்கு பேடன்ட் வாங்க முடியுமான்னு திருப்பிக் கேட்டார்.

அதுக்கப்புறம் ரெண்டே வாரத்துல ஒரு கொடுமையும் நடந்துச்சு, அதையும் உங்க பொண்ணு எழுதணும். கலிஃபோர்னியாவுல கட்டர் லேப்ல தயாரான சில பேட்ச்ல வைரஸ் முழுசா சாகாம இருந்துடுச்சு, ஊசி போட்ட பிள்ளைங்களுக்கும் அவங்ககிட்ட இருந்து ஒட்டினவங்களுக்கும் போலியோ வந்து சுமார் 200 பேருக்கு கை கால் முடங்கிச்சு, பத்து பேர் இறந்தாங்க. ஊசித் திட்டத்தையே கொஞ்ச நாள் நிறுத்தி, தயாரிப்பு விதியை எல்லாம் இறுக்கி, திரும்ப ஆரம்பிச்சாங்க. 1957ல நாடு முழுக்க கேஸ் எண்ணிக்கை ஆறாயிரத்துக்கும் கீழ வந்துடுச்சு.

இதுல யாரும் அதிகமா சொல்லாத விஷயம் ஒண்ணு. அந்தச் சோதனையில பிள்ளைங்க ரத்தத்தைப் பரிசோதிக்க கோடிக்கணக்குல செல் தேவைப்பட்டுச்சு, அதை வளர்த்துக் கொடுத்தது அலபாமாவுல டஸ்கீகீ இன்ஸ்டிட்யூட், கறுப்பினத்தவங்களோட கல்வி நிலையம், வேலை பார்த்த டெக்னீஷியன்களும் கறுப்பினத்தவங்க. அந்த செல்லும் ஹென்ரியட்டா லாக்ஸ்னு 1951ல கேன்சர்ல இறந்த ஒரு கறுப்பினப் பெண்ணோடது, அவங்ககிட்டயோ குடும்பத்துக்கிட்டயோ கேக்காமலே எடுத்தது. டஸ்கீகீயில இருந்து சுமார் 40 மைல் போனா மாண்ட்கமரி. ஊர்ப் பிள்ளைங்க காலைக் காப்பாத்தற செல்லை வளர்த்த அந்த டெக்னீஷியன் மாண்ட்கமரிக்குப் போய் ஒரு டவுன் பஸ் ஏறினா முன் சீட்டுல உக்கார முடியாது, அது வெள்ளைக்காரங்களுக்கு மட்டும். இந்த ஒரு விஷயம் போதும் எனக்கு 1955ஐப் புரிஞ்சுக்க.

அந்த பஸ்ல நடந்த சம்பவத்துக்கு வர்றதுக்கு முன்னாடி எம்மெட் டில்னு ஒரு பையனைப் பத்திச் சொல்லணும். எழுதவே கஷ்டமா இருக்கு, ஆனா விட முடியாது. பதினாலு வயசு, சிகாகோ பையன், ஆகஸ்ட் லீவுக்கு மிசிசிப்பியில மணின்னு ஒரு சின்ன ஊர்ல இருக்கிற தாத்தா முறையான மோஸ் ரைட் வீட்டுக்கு வந்தான். அங்க ஒரு மளிகைக் கடையில பபுள்கம் வாங்கப் போனப்ப, கடையில இருந்த வெள்ளைக்காரப் பெண்ணைப் பாத்து விசில் அடிச்சான்னு பேச்சு. நாலு நாள் கழிச்சு, ஆகஸ்ட் 28 விடியறதுக்கு முன்னாடி, அவளோட புருஷன் ராய் ப்ரையன்ட்டும் அவன் அண்ணன் மைலமும் துப்பாக்கியோட வந்து தூங்கிட்டிருந்த பையனை எழுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க. மூணு நாள் கழிச்சு டலஹாச்சி ஆத்துல உடம்பு கிடைச்சுது, பஞ்சு மில்லு ஃபேன் ஒண்ணை முள்கம்பியால கழுத்துல கட்டி எறிஞ்சிருந்தாங்க. முகத்தை வெச்சு அடையாளம் சொல்ல முடியல, விரல்ல இருந்த அவங்க அப்பாவோட மோதிரத்தை வெச்சுதான் சொன்னாங்க.

அங்கயே சட்டுனு புதைச்சுடப் பாத்தாங்க. அவங்க அம்மா மேமி விடல, சிகாகோவுக்கு அனுப்பியே ஆகணும்னு நின்னாங்க. பெட்டி வந்துச்சு, திறக்கக் கூடாதுன்னு சீல் வெச்சு. நீங்க திறக்கலைன்னா சுத்தியல் குடுங்க நானே திறந்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. திறந்தப்புறம் முகத்தை முதல்ல பாக்கல அவங்க. பாதத்துல இருந்து ஆரம்பிச்சு, கணுக்கால், முட்டின்னு ஒவ்வொரு இடமா இது என் பிள்ளைதானான்னு பாத்துக்கிட்டே மேல வந்தாங்க. குளிப்பாட்டி வளர்த்த உடம்பு, எந்த அம்மாவுக்கும் கால் விரலைப் பாத்தாலே தெரியுமே. முகத்தைக் கொஞ்சம் சரி பண்ணிடட்டுமான்னு கேட்டவர்கிட்ட வேணாம்னுட்டாங்க, மூடவும் வேணாம், என் பிள்ளைக்கு நடந்ததை எல்லாரும் பாக்கட்டும்னாங்க. சர்ச்சுல கண்ணாடி மூடின பெட்டியில வெச்சாங்க, பல்லாயிரக்கணக்குல ஜனங்க வரிசையில நின்னு பாத்தாங்க, ஜெட்னு ஒரு பத்திரிகை அந்த முகத்தோட போட்டோவைப் போட்டுச்சு, நாடு முழுக்க கறுப்பினத்தவங்க வீட்டுல அந்தப் பக்கத்தைப் பாக்காதவங்க கிடையாது.

கேஸ் செப்டம்பர்ல சம்னர்னு ஒரு ஊர்ல நடந்துச்சு. அந்த மாவட்டத்துல பாதிக்கு மேல கறுப்பினத்தவங்க, ஆனா வாக்காளர் பட்டியல்ல ஒருத்தர் பேரு கூட கிடையாது, பட்டியல்ல இல்லன்னா ஜூரியிலயும், அதாவது தீர்ப்பு சொல்ற பொதுமக்கள் குழுவுலயும், வர முடியாது, அதனால பன்னிரண்டு பேரும் வெள்ளைக்கார ஆம்பளைங்க. அந்தக் கோர்ட்டுல மோஸ் ரைட், அறுபது தாண்டின குத்தகை விவசாயி, எழுந்து நின்னு கையை நீட்டி குற்றவாளியைக் காட்டினார். மிசிசிப்பியில அன்னைக்கு ஒரு கறுப்பினத்தவர் வெள்ளைக்காரனை நோக்கி விரல் நீட்டறதுன்னா உயிரைப் பணயம் வெக்கிறதுதான். அப்புறம் அவர் காட்டுல பறிக்காம நின்ன பருத்தியை அப்படியே விட்டுட்டு சிகாகோவுக்குப் போயிட்டார். ஜூரி 67 நிமிஷத்துல விடுதலைன்னு சொல்லிடுச்சு. அடுத்த ஜனவரியில அந்த ரெண்டு பேரும் ஒரு பத்திரிகைகிட்ட காசு வாங்கிட்டு ஆமா நாங்கதான் கொன்னோம்னு சொன்னாங்க, ஒரே குத்தத்துக்கு ரெண்டு தடவை விசாரிக்க முடியாதுங்கற தைரியம்.

அந்தப் பெட்டி இப்ப வாஷிங்டன் மியூசியத்துல இருக்கு. நான் போனப்ப என் பையனுக்குப் பதினாலு வயசு. போட்டோ எடுக்கக் கூடாது, வரிசையில யாரும் பேசல, எந்நேரமும் போன்ல இருக்கிற பிள்ளை போனைப் பாக்கெட்ல போட்டுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டான், அவன் என் கையைப் பிடிச்சே ரெண்டு மூணு வருஷம் இருக்கும். அன்னைக்கு வீட்டுக்கு வந்துதான் நான் இந்த வருஷத்தைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

நவம்பர் 27, மாண்ட்கமரியில ஒரு சர்ச்சுல எம்மெட் டில் கொலையைப் பத்தி ஒரு கூட்டம், அதுக்கு வந்து உக்காந்திருந்தவங்கள்ல ரோசா பார்க்ஸ்னு ஒரு கறுப்பினப் பெண்ணும் ஒருத்தர். நாலு நாள்தான், டிசம்பர் 1 அவங்க ஏறின அந்த பஸ். அங்க விதி என்னன்னா முன்னாடி பத்து சீட்டு வெள்ளைக்காரங்களுக்கு, காலியா இருந்தாலும் மத்தவங்க உக்காரக் கூடாது, நடுவுல இருக்கிற சீட்டுல உக்காரலாம், ஆனா வெள்ளைக்காரர் வந்தா எழுந்துக்கணும். சில டிரைவருங்க முன் வாசல்ல காசை வாங்கிட்டு, இறங்கிப் போய் பின் வாசல்ல ஏறுன்னு சொல்லி, அவங்க நடந்து போறதுக்குள்ள பஸ்ஸை எடுத்துடுவாங்க. அன்னைக்கு ஒரு வெள்ளைக்காரர் நின்னுக்கிட்டிருந்தார், நாலு பேரும் எழுந்திருங்கன்னு டிரைவர் சொன்னார், மூணு பேர் எழுந்தாங்க, ரோசா பார்க்ஸ் ஜன்னல் பக்கமா நகர்ந்து உக்காந்தாங்க, அதுக்கு அவங்களைக் கைது பண்ணாங்க. வேலை முடிஞ்சு கால் வலியில உக்காந்துட்டாங்கன்னு ஸ்கூல் புக்ல எழுதற கதையை தயவுசெஞ்சு உங்க பொண்ணு எழுத வேணாம். அவங்களுக்கு 42 வயசு, கறுப்பினத்தவங்க உரிமைச் சங்கத்துல வருஷக்கணக்கா செயலாளர், பணிஞ்சு பணிஞ்சு அலுத்ததுதான் தன்னோட அலுப்புன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

அன்னைக்கு ராத்திரி ஜோ ஆன் ராபின்சன்னு ஒரு காலேஜ் டீச்சர், காலேஜுக்குப் போய் ஸ்டென்சில் வெட்டி, நம்ம ஊர் சைக்ளோஸ்டைல் மாதிரி ஒரு மெஷின்ல விடிய விடிய நோட்டீஸ் அடிச்சாங்க, ரெண்டு மாணவர்களும் கூட. திங்கட்கிழமை பஸ் ஏறாதீங்க, அவ்வளவுதான் சேதி. திங்கட்கிழமை காலையில மார்ட்டின் லூதர் கிங் வீட்டு ஜன்னல்ல அவர் மனைவி கொரெட்டா நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க, வழக்கமா வீட்டு வேலைக்குப் போற பெண்கள் நிரம்பி வழியற பஸ், முதல் பஸ் காலி, ரெண்டாவதும் காலி, மூணாவதுல வெள்ளைக்காரங்க ரெண்டே பேர். கிங்குக்கு அப்ப 26 வயசு, ஊருக்கு வந்து ஒரு வருஷம் சொச்சம்தான். ஒரு நாளுக்குன்னு ஆரம்பிச்சது 381 நாள் போச்சு, மழையிலயும் குளிர்லயும் நடந்தாங்க, கார் வெச்சிருந்தவங்க மத்தவங்களை ஏத்திக்கிட்டாங்க.

அப்புறம் ஒண்ணு, இதுக்குத்தான் இவ்வளவு எழுதினேன். பஸ்ல பிரிச்சு உக்கார வெக்கிறது சட்டவிரோதம்னு கடைசியில தீர்ப்பு வாங்கின கேஸ்ல ரோசா பார்க்ஸ் பேரு கிடையாது. அதுல வழக்குப் போட்ட நாலு பெண்கள்ல ஒருத்தி கிளாடெட் கால்வின். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாசம் முன்னாடி, மார்ச் 2, அதே ஊர்ல ஸ்கூல் விட்டு வர்றப்ப சீட்டை விட்டு எழ மாட்டேன்னு உக்காந்தவ. பதினஞ்சு வயசு. போலீஸ் இழுத்து இறக்கி கைவிலங்கு மாட்டி பெரியவங்க ஜெயில்ல போட்டாங்க. சின்னப் பொண்ணு, ஏழை வீடு, அப்புறம் கர்ப்பமாவும் ஆயிட்டான்னு ஊர்ப் பெரியவங்க அவளை முன்னால நிறுத்தலை. இருந்தும் அடுத்த வருஷம் கோர்ட்டுல கூண்டேறிச் சாட்சி சொன்னா. ஸ்கூல்ல கறுப்பின வரலாறு சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்தாங்க, அடிமைகளை மீட்ட ஹாரியட் டப்மன் ஒரு தோளையும் அடிமைமுறையை எதிர்த்துப் பேசின சோஜர்னர் ட்ரூத் இன்னொரு தோளையும் பிடிச்சு உக்காரு உக்காருன்னு அழுத்தின மாதிரி இருந்துச்சுன்னு அவ பின்னாடி சொன்னா.

உங்க பொண்ணு எந்த கிரேடுன்னு நீங்க சொல்லல, எதுவா இருந்தாலும் முதல் பக்கத்துல கிளாடெட்டைப் போடச் சொல்லுங்க, டிஸ்னிலேண்டுக்கு கடைசியில இடம் இருந்தா பாத்துக்கலாம்.