குடியரசுத் தலைவர் ஏன் ஜூலை 25-லேயே பதவியேற்கிறார்?

ஜூலை 25-ல்தான் பதவியேற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி எதுவும் இல்லை. தற்செயலாக அமைந்த தேதி அது.

1977 பிப்ரவரியில் அப்போதைய குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைத் தலைவராக இருந்த பி.டி. ஜாட்டி தற்காலிகமாகப் பொறுப்பைக் கவனித்தார். தேர்தல் முடிந்து நீலம் சஞ்சீவ ரெட்டி பதவியேற்ற நாள்தான் ஜூலை 25. பதவிக்காலம் 5 ஆண்டுகள். அவரும் பின்னால் வந்தவர்களும் முழுக் காலத்தையும் முடித்ததால், அதே தேதி திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில் யாராவது விலகியிருந்தால் மாறியிருக்கும்.

சரி, விழா? நம்ம ஊரில் முதல்வருக்கு ஆளுநர் உறுதிமொழி செய்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். டெல்லியில் அந்த வேலை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியுடையது. அரசியல் சட்டத்தின் 60-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் உறுதிமொழி, 21 குண்டு முழக்கம், கையெழுத்து, அப்புறம் உரை.

சென்னைக்காரர்களுக்கு 2002 விழா கொஞ்சம் வீட்டு விசேஷம் மாதிரி. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அப்துல் கலாம் ஜூனில்தான் வேட்பாளரானார். அடுத்த மாதமே மைய மண்டபத்தில் உறுதிமொழி எடுத்தார்.