1 பளிச், 8 மங்கல்

கேள்வி: ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தின் சூட்டைக் காட்ட, ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில் நான்கு இலக்க செவன் செக்மென்ட் டிஸ்ப்ளே (ஓர் இலக்கத்துக்கு ஏழு ஒளிக்கோடுகள், காமன் கேத்தோடு வகை) மாட்டினேன். 1 பளிச்சென்று எரிகிறது, 8 மங்குகிறது. பக்கத்து எண்ணின் நிழலும் விழுகிறது. ஏன்?
- வாசகர், குலசேகரம்

பதில்: சாரல் நாளில் ஷீட் காயப் புகைக்கூடம்தான் கதி, நல்ல வேலை செய்கிறீர்கள், விட்டுவிடாதீர்கள். ஓர் இலக்கத்தின் எல்லா செக்மென்டுகளும் சேரும் பொதுக்காலில் (கேத்தோடு) ஒரே ரெசிஸ்டர் போட்டிருப்பீர்கள். நாகர்கோவிலில் என் பட்டறைக்கு வரும் பிள்ளைகளும் இங்கேதான் தடுக்குகிறார்கள். 1-க்கு இரண்டு செக்மென்ட், 8-க்கு ஏழு. அதே கரண்டை ஏழாகப் பங்கு போட்டால் மங்கத்தானே செய்யும்? ஒவ்வொரு செக்மென்டுக்கும் தனித்தனியாக 330 ஓம் ரெசிஸ்டர் கொடுங்கள். சிவப்பு எல்இடியில் 5 வோல்ட்டுக்குச் சுமார் 9 மில்லி ஆம்பியர் ஓடும்.

இப்போது 8 எரியும்போது பொதுக்காலில் 63 மில்லி ஆம்பியர் சேரும். ஊனோவின் ஒரு கால் (pin) தாங்கும் உச்சமே 40தான். அதனால் அந்தக் கரண்டைத் தாங்கும் சுவிட்சாக இலக்கத்துக்கு ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் வையுங்கள், அதன் பேஸ் காலில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். இதைத் தள்ளிப்போடாதீர்கள், சிப் போய்விடும்.

நிழலுக்கு நிரல்தான் காரணம். நான்கு இலக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வேகமாக எரிகின்றன, மாறும்போது பழைய எண் அடுத்ததில் ஒட்டிக்கொள்கிறது. முதலில் எல்லா இலக்கத்தையும் அணையுங்கள். பிறகு செக்மென்டுகளை மாற்றுங்கள். அப்புறம்தான் அடுத்த இலக்கத்தை ஏற்ற வேண்டும். இலக்கத்துக்கு 3 மில்லி செகண்ட் போதும், மினுக்கல் தெரியாது.