அப்கிரேட் விலையில் சாஃப்ட்வேர் வாங்கியபிறகு பழைய டிஸ்க்கை விற்கலாமா? பழைய பில்லை வைத்திருக்க வேண்டுமா?

விற்கக்கூடாது. பில்லைக் கட்டாயம் வைத்திருங்கள்.

கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர்களையும் அவற்றின் லைசென்ஸ்களையும் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். இதே கேள்வி எங்கள் ஆட்களிடமிருந்தும் வரும் என்பதால் காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் பழைய குக்கரைக் கொடுத்துப் புதுசு வாங்கினால், பழையதைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். சாஃப்ட்வேரில் பழையது நம் அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. குழப்பம் வருவது அங்கேதான். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் கண் முன்னால் இருக்கும்போது, அதை விற்க நமக்கு உரிமை இல்லை என்றால் யாருக்கும் மனசு ஒப்பாது. ஆனால் அப்கிரேட் விலை என்ற அந்தத் தள்ளுபடியே பழைய லைசென்ஸை விட்டுக்கொடுத்ததற்காகத்தான் கிடைத்தது.

அமெரிக்காவில் இது கோர்ட் வரை போயிருக்கிறது. ஆட்டோகேட் என்ற வரைபட சாஃப்ட்வேரின் பழைய பதிப்பான ரிலீஸ் 14 வைத்திருந்த ஒரு கட்டடக்கலை நிறுவனம் 2000-ல் ஆட்டோகேட் 2000-க்கு மாறியது. புதிதாக வாங்கினால் லைசென்ஸ் ஒன்றுக்கு 3,750 டாலர். பழையது இருந்ததால் 495 டாலரில் முடிந்தது. பழைய காப்பிகளை அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அவர்கள் அழிக்கவில்லை. 2007-ல் அலுவலகப் பொருட்களை விற்றபோது, ஆக்டிவேஷன் கோடுகளைக் கையால் எழுதி, நான்கு காப்பிகளையும் சேர்த்தே விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அவற்றை ஈபே இணையச் சந்தையில் விற்பனைக்குப் போட்டார், ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் ஆட்சேபித்தது, வழக்கானது. கீழ்க்கோர்ட் அந்த ஈபே விற்பனையாளர் பக்கம் நின்றது. 2010 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த நிறுவனத்திடம் இருந்தது பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான், காப்பிக்கு அது சொந்தக்காரர் அல்ல. அதனால் அதனிடம் வாங்கியவரும் சொந்தக்காரர் ஆகமாட்டார் என்றது தீர்ப்பு. அந்த ஈபே விற்பனையாளரை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர் இல்லை. ஆனாலும் தள்ளுபடியை வாங்கிக்கொண்டு பழையதையும் விற்ற அந்த நிறுவனம் செய்தது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. ஆரக்கிள் என்ற சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கும், லைசென்ஸ்களை மறுவிற்பனை செய்த யூஸ்டுசாஃப்டுக்கும் இடையிலான வழக்கில், காலவரம்பு இல்லாமல் வாங்கிய லைசென்ஸை மறுவிற்பனை செய்யலாம் என்று 2012 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அங்கும்கூட விற்பவர் தன்னிடமுள்ள காப்பியைப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கிவிட வேண்டும்.

சரி, ஆதாரத்துக்கு வருவோம். இன்ஸ்டால் ஆகிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். செட்அப் புரோகிராம் பார்ப்பது ஒன்று, லைசென்ஸ் கேட்பது இன்னொன்று. விண்டோஸ் எக்ஸ்பி அப்கிரேட் சிடியைக் காலி ஹார்டு டிஸ்க்கில் போட்டால், தகுதியுள்ள பழைய விண்டோஸ் சிடியைக் காட்டு என்று கேட்கும். ஒரு நண்பரின் விண்டோஸ் 98 சிடியைச் செருகினாலும் ஏற்றுக்கொள்ளும். அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டா பழைய சிடியைக் கேட்கவில்லை, கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ் இருக்கிறதா என்று பார்த்தது. கீ எனப்படும் லைசென்ஸ் எண்ணைக் கொடுக்காமல் ஒருமுறை இன்ஸ்டால் செய்து, அதற்குள்ளிருந்தே மறுபடி அப்கிரேட் செய்தால் அந்தச் சோதனையையும் தாண்டலாம் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். விண்டோஸ் 10 இலவச அப்கிரேட் 2016 ஜூலையோடு முடிந்ததாக அறிவித்தபிறகும் பழைய 7, 8 கீக்கள் 2023 வரை வேலை செய்தன. இதெல்லாம் கதவு திறந்திருந்தது என்பதற்குத்தான் சாட்சி, உரிமை இருந்தது என்பதற்கு அல்ல. சாஃப்ட்வேர் நிறுவனம் லைசென்ஸ்களைச் சரிபார்க்க ஆடிட் வந்தால் அவர்கள் கேட்பது பில்லையும் லைசென்ஸ் விவரத்தையும்தான்.

இன்னொரு சிக்கல், கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் விண்டோஸ். அது அந்த மெஷினோடு கட்டுப்பட்டது. அதன்மேல் கடையில் வாங்கிய அப்கிரேட் போட்டு, பிறகு மதர்போர்டு போய் மெஷினையே மாற்றுகிறீர்கள் என்றால், அப்கிரேட் பெட்டி மட்டும் கையில் மிஞ்சும். புதிய மெஷினுக்கும் அடிப்படையாக ஒரு முழு லைசென்ஸ் வேண்டும். அப்கிரேடை மலிவு விலைக் காப்பி என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

எது தகுதியுள்ள பழைய பதிப்பு என்பதும் நிலையானதில்லை. மூன்று பதிப்புகள் பின்னால் இருந்தாலும் அப்கிரேட் விலை தந்துகொண்டிருந்தது ஃபோட்டோஷாப் தயாரிக்கும் அடோபி. அதன் கிரியேட்டிவ் சூட் (சிஎஸ்) தொகுப்பில், இனி அந்த விலை சிஎஸ்6-க்கு முந்தைய தலைமுறையான சிஎஸ்5, 5.5 வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று 2011 நவம்பரில் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சிஎஸ்3, சிஎஸ்4 காரர்களுக்கு 2012 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தது. அடுத்த வருடமே, இனி புதிய பதிப்பு சந்தாவில் மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. ஒழுங்காகக் காசு கொடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக வாங்கிக்கொண்டிருந்த சின்ன ஸ்டூடியோக்களுக்கு அது பெரிய அடி. எனக்கு இன்றைக்கும் அது நியாயமாகப் படவில்லை.

இப்போது பில் என்பது பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல் முகவரிதான். கணக்கு எழுதும் டேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் ஈஆர்பி 9-லிருந்து பிரைமுக்கு மாறியபோது, டிஎஸ்எஸ் என்ற அதன் சேவைச் சந்தா நடப்பில் இருந்தவர்களுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. அங்கே ஆதாரம் சீரியல் நம்பரும், அதோடு பதிவான மின்னஞ்சலும். எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும், இன்ஸ்டால் செய்ய வருபவர் அவசரத்தில் தன் மின்னஞ்சலையே கொடுத்துவிட்டுப் போவது உண்டு. வேலை செய்பவர் தன் சொந்த முகவரியில் பதிந்துவிட்டு, பிறகு வேலையை விட்டுப் போவதும் உண்டு. அதனால் பதிவு உங்கள் நிறுவனத்தின் பொது முகவரியில்தான் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

உங்கள் விஷயத்தில், பழைய பில், பெட்டியில் ஒட்டியிருக்கும் கீ ஸ்டிக்கர், அப்கிரேட் பில் மூன்றையும் ஒரே கவரில் போட்டு, ஸ்கேனும் எடுத்து வையுங்கள். வெயிலில் பில் எழுத்து மங்கிவிடும், ஸ்கேன் கைகொடுக்கும். என்றைக்காவது விற்கத்தான் வேண்டும் என்றால், முதலில் அந்த லைசென்ஸ் கைமாற்றத்தை அனுமதிக்கிறதா என்று படியுங்கள். அனுமதித்தால் பழையது, புதியது, கீ, பில் எல்லாவற்றையும் ஒரே ஆளுக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் மெஷினிலிருந்து எடுத்துவிடுங்கள்.