பிசிக்ஸை விட்டுட்டு அக்ரி எடுத்தா கெம்பஸ் போகலாமா? கொக்கட்டிச்சோலை அம்மா ஒருவருக்குப் பதில்

கேள்வி: ஸேர், நாங்க கொக்கட்டிச்சோலைப் பக்கம். மகள்ட ஓ.எல் (சாதாரண தரம்) ரிசல்ட் வந்துட்டு, சயன்ஸ் பி, மெட்ஸ் சி. பயோ படிக்கத்தான் விருப்பம், டொக்டர் இல்லாட்டி நர்சிங் டிகிரி எண்டு சின்ன வயசில இருந்தே சொல்றா. ஆனா கிட்ட இருக்கிற ஸ்கூல்ல பிசிக்ஸ் படிப்பிக்க ஆள் இல்லையாம், அக்ரி (விவசாய விஞ்ஞானம்) எடுக்கச் சொல்றாங்க. அது லேசு, இசட் ஸ்கோரும் கூட வரும் எண்டு கூட்டாளிமாரும் சொல்றாங்களாம். அக்ரி எடுத்தா பொறகு கெம்பஸ் போக ஏதும் பிரச்சினை வருமா? என்ட தங்கச்சிட மகன் கல்முனைல, அவன் மெட்ஸ்ல கெமிஸ்ட்ரிக்குப் பதிலா ஐசிடி (தகவல் தொழில்நுட்பம்) எடுக்கப் போறானாம், அதும் செரியா எண்டு சொல்லுங்க.

பதில்: தங்கச்சி, மகள் டொக்டர், நர்ஸ் எண்டு உண்மையா நினைச்சுக்கொண்டு இருந்தா பிசிக்ஸை விட ஏலா. இதை முதல்லயே சொல்லிடுறன், ஏனெண்டா இந்த ஒரு விஷயம் தெரியாம ரெண்டு வருஷம் ராப்பகலா படிச்சு, நல்ல ரிசல்டும் எடுத்து, பொறகு அப்ளிகேஷன் போடுற நேரத்துலதான் "உங்களுக்கு இந்தப் பாடநெறிக்கு தகுதி இல்ல" எண்டு தெரிஞ்சு அழுற பிள்ளையள் நம்மட பக்கத்துல வருஷா வருஷம் இருக்கிறாங்க, அதைப் பாக்க மனசு தாங்காது.

எப்படி எண்டா, ஸ்கூல்ல பயோ ஸ்ட்ரீம் எண்டு சொல்றப்ப பயோலொஜி, கெமிஸ்ட்ரி ரெண்டும் இருந்து மூணாவதா பிசிக்ஸ் இல்லாட்டி அக்ரி எடுக்கலாம். ரெண்டும் ஒரே வகுப்பு, ஒரே யூனிபோர்ம், ஏ.எல் (உயர்தரம்) சேர்ட்டிபிகேட்லயும் ஒரே மாதிரித்தான் மூணு பாடம் இருக்கும். ஆனா பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, நாம யூஜிசி எண்டு சொல்றது, ஸ்ட்ரீம் பேரைப் பாத்து இடம் குடுக்கிறதில்ல, ஒவ்வொரு பாடநெறிக்கும் எந்தெந்தப் பாடத்துல சித்தி வேணும் எண்டு தனித்தனியா எழுதி வச்சிருக்கு. மருத்துவம், பல் வைத்தியம், மிருக வைத்தியம் மூணுக்கும் பயோலொஜி கெமிஸ்ட்ரி பிசிக்ஸ் மூணும் கட்டாயம். நர்சிங் டிகிரிக்கும் அப்படித்தான். நம்மட கிழக்குப் பல்கலைக்கழகத்துல மட்டக்களப்பு டவுன் பக்கம் இருக்கிற சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடத்துல எம்பிபிஎஸ்சும் நர்சிங்கும் ரெண்டும் இருக்கு, மகள் வீட்டுக்குக் கிட்ட படிக்கோணும் எண்டு நினைச்சா அந்த பீடம்தான் கண்ணுல இருக்கும், அதுக்கு அக்ரி உதவாது.

இப்ப அந்த "அக்ரி லேசு, இசட் ஸ்கோர் கூடும்" எண்ட கதைக்கு வாறன். இதைத்தான் கொஞ்சம் பொறுமையா வாசிங்க, மகளையும் பக்கத்துல வச்சு வாசிக்கச் சொல்லுங்க. இசட் ஸ்கோர் எண்டது நீங்க எடுத்த மார்க்ஸ் இல்ல. அந்த வருஷம் அந்தப் பாடம் எழுதின எல்லாப் பிள்ளையளும் சராசரியா எவ்வளவு எடுத்தாங்க, மார்க்ஸ் எவ்வளவு தூரம் பரந்து கிடக்கு எண்டு ரெண்டையும் பாத்து, அந்தச் சராசரியில இருந்து உங்கட பிள்ளை எவ்வளவு மேல நிக்கிறா எண்டு கணக்குப் போடுறது. விளங்குறதுக்காக நான் ஒரு கணக்கு சொல்றன், இது உண்மையான வருஷ மார்க்ஸ் இல்ல, உதாரணம் மட்டும். ஒரு பாடத்துல சராசரி 60, நியம விலகல், அதாவது மார்க்ஸ் பரந்து கிடக்கிற அளவு, 15 எண்டு வைங்க, அதுல 75 எடுத்தா 75ல 60 போனா 15, அதை 15ஆல பிரிச்சா 1. இன்னொரு பாடம் கஷ்டம், சராசரி 40தான், நியம விலகல் அதே 15, அதுல 70 எடுத்தா 30ஐ 15ஆல பிரிக்க 2 வரும். மார்க்ஸ் 5 குறைவு ஆனா இசட் ஸ்கோர் ரெண்டு மடங்கு. மூணு பாடத்துக்கும் இப்படி வாற இசட்டைக் கூட்டி மூணால பிரிக்கிறதுதான் ரிசல்ட் ஷீட்ல வாற அந்த நம்பர். அப்ப ஒரு பாடம் எல்லாருக்கும் லேசா இருந்தா சராசரியும் ஏறும், லேசா இருக்கிறதால மட்டும் உங்கட பிள்ளைக்கு ஒரு லாபமும் வராது. எந்தப் பாடத்துல மத்தப் பிள்ளையளைத் தாண்டி நிக்கிறாவோ அந்தப் பாடம்தான் அவக்கு நல்ல பாடம்.

அக்ரியைப் பத்தி இன்னொண்டும் சொல்லோணும். அது வாசிச்சு விட்டா போதும் எண்ட பாடம் இல்ல, மண், நீர்ப்பாசனம், பயிர், கால்நடை, பூச்சி, அறுவடைக்குப் பொறகு செய்ற வேலை எண்டு பரப்பு பெரிசு, நினைவுல வச்சுக்கொள்ள நிறைய இருக்கு. விரும்பி எடுக்கிற பிள்ளைக்கு அது அருமையான பாடம். பயோலொஜி கெமிஸ்ட்ரி அக்ரி மூணையும் வச்சு விவசாய பீடத்துக்கு தாராளமா அப்ளை பண்ணலாம், கிழக்குப் பல்கலைக்கழகத்துலயும் விவசாய பீடம் இருக்கு, வாவிக்கு மேற்குப் பக்கம் இருக்கிற நம்மட படுவான்கரை மாதிரி வயலும் மாடும் குளமும் உள்ள இடத்துப் பிள்ளை விவசாயத்துல டிகிரி செய்து திரும்பி வந்தா அது நம்மட மண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம். ஆனா அதை விரும்பி எடுக்கோணும். ஸேர் இல்லாததால, கூட்டாளி சொன்னதால எடுத்துட்டு, உள்ளுக்குள்ள டொக்டர் ஆசையையும் வச்சுக்கொண்டு இருக்கிறது பிள்ளைக்கு செய்ற அநியாயம்.

மகள்ட மெட்ஸ் சி எண்டு எழுதி இருக்கிறீங்க. பிசிக்ஸ்ல பாதிக்கு மேல கணக்குத்தான், திரிகோண கணிதம், மடக்கை, வரைபு, சமன்பாட்டை மாத்தி எழுதுறது எல்லாம் கை பழகி இருக்கோணும். சி எடுத்த பிள்ளைக்கு ஏலாது எண்டு நான் சொல்ல மாட்டன், அதை விடக் குறைய எடுத்துட்டும் பிசிக்ஸ்ல ஏ எடுத்தவங்களைக் கண்டிருக்கிறன், ஆனா வகுப்பு தொடங்க முதல் கிடைக்கிற நாளுல ஓ.எல் மெட்ஸ் புத்தகத்தைத் திருப்பி எடுத்து இந்தப் பகுதிகளை மட்டும் செய்ய வைங்க. அவ அதைச் செய்றப்ப முகத்தைப் பாருங்க. கஷ்டப்பட்டாலும் விடாம இருக்கிறாவா, இல்ல புத்தகத்தை மூடி வச்சுட்டுப் போறாவா எண்டு தெரிஞ்சிடும், ரிசல்ட் ஷீட்டை விட அது நல்லா சொல்லும்.

ஸேர் இல்லாத பிரச்சினைக்கு வழி என்னெண்டா, முதல்ல கிட்ட உள்ள வேற 1ஏபி பாடசாலைல விசாரிங்க. 1ஏபி எண்டது உயர்தரத்துல சயன்ஸ் ஸ்ட்ரீம் உள்ள ஸ்கூல், 1சி ஸ்கூல்ல ஆர்ட்ஸ், கொமர்ஸ்தான் இருக்கும். மண்முனைப் பாலம் 2014ல திறந்த பொறகு கொக்கட்டிச்சோலைல இருந்து ஆரையம்பதி, மட்டக்களப்பு பக்கம் போய் வாறது முந்தி மாதிரி இல்ல, தோணிக்கும் பாதைக்கும் (வாகனம் ஏத்துற மிதவைக்கும்) காத்து நிக்கத் தேவையில்ல, பஸ் நேரம் மட்டும் ஒத்துவந்தா காணும். பொம்பளப் புள்ளைய தூரம் அனுப்ப யோசிக்கிறது எனக்கு விளங்குது, அப்படி எண்டா இருக்கிற ஸ்கூல்லயே பிசிக்ஸுக்குப் பேரைப் பதிஞ்சுட்டு, அதே பாடம் கேக்கிற மத்தப் பிள்ளையள்ட அம்மா அப்பாமாரையும் சேத்து, அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்துல கேளுங்க. வாயால கேட்டா மறந்து போகும், எழுத்துல குடுத்துட்டு கொப்பியை வச்சிருங்க. பிசிக்ஸ் ஸேர் வாற வரைக்கும் டியூசன். போய்ச் சேர முதல் ஸ்கூல்ல ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்க: "பாடம் இருக்கா" எண்டு மட்டும் கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவாங்க, "இப்ப ஆர் படிப்பிக்கிறாங்க, போன வருஷம் எத்தனை பிள்ளை எழுதினது" எண்டு கேளுங்க.

ஸ்கூல் மாறுறதா இருந்தா மாவட்டத்தையும் யோசிங்க. பல்கலைக்கழக இடத்துல 40 சதவீதம் முழு இலங்கைத் திறமை அடிப்படை, 55 சதவீதம் மாவட்டத்துட சனத்தொகைப்படி, மிச்சம் 5 சதவீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. மட்டக்களப்பு, அம்பாறை ரெண்டும் அந்த 16க்குள்ள வருது. ஆனா வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்க வேண்டிய ஆகக்குறைஞ்ச இசட் ஸ்கோர், மாவட்டத்துக்கு மாவட்டம் வேற வேறதான், பிள்ளை எந்த மாவட்டம் எண்டதை வீட்டு அட்ரசை மட்டும் வச்சு முடிவெடுக்கிறதில்ல, ஏ.எல் எழுத முந்தின மூணு வருஷத்துல எங்க படிச்சது எண்டதைப் பாப்பாங்க. கல்லாறு மட்டக்களப்பு, பக்கத்துல பெரியநீலாவணை அம்பாறை, நடந்து போற தூரம்தான், அதால நம்மட ஆக்கள் எல்லை தாண்டுறதைப் பெரிசா எடுக்கிறதில்ல. எடுக்கோணும். மாறினா விடுகைப் பத்திரம், சேந்த திகதி எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க.

"இப்ப அக்ரி எடுக்கட்டும், பொறகு தேவைப்பட்டா அடுத்த ஷைல (அடுத்த தடவை எழுதுறப்ப) பிசிக்ஸ் மட்டும் எழுதலாம்" எண்டு யாரும் சொன்னா நம்பாதீங்க. மூணு பாடத்துலயும் ஒரே தடவைல ஆகக்குறைஞ்சது எஸ், அதாவது சாதாரண சித்தி, வேணும், போன வருஷ பயோலொஜியையும் இந்த வருஷ பிசிக்ஸையும் ஒட்ட ஏலா, திரும்ப மூணையும் எழுதோணும். எழுதக் கிடைக்கிறதும் மூணு தரம்தான். அதால மாத்துறதா இருந்தா வகுப்பு தொடங்கி முதல் கொஞ்ச நாளுக்குள்ள மாத்தட்டும், அந்த நேரம் ஒரு நட்டமும் இல்ல.

இதோட பொதுச் சாதாரண பரீட்சைலயும் (ஏ.எல்லோட எழுதுற கொமன் ஜெனரல் டெஸ்ட், ஓ.எல் இல்ல) ஆகக்குறைஞ்சது 30 எடுக்கோணும். அது இசட் ஸ்கோருக்குச் சேராது, அதால பிள்ளையள் கணக்கெடுக்காம விடுவாங்க, ஆனா 30க்குக் கீழ போனா மூணு ஏ இருந்தாலும் அப்ளை பண்ண ஏலா. ஜெனரல் இங்கிலிஷ் அப்படி இல்ல, அது கெம்பஸ் தெரிவுக்குக் கணக்கில்ல, ஆனா சயன்ஸ் டிகிரி எல்லாம் இங்கிலிஷ் மீடியம் எண்டதால படிக்காம விட்டா முதல் வருஷத்துல திண்டாடுவா. இன்னும் சில பாடநெறிக்கு ஓ.எல் மெட்ஸ், இங்கிலிஷ் ரிசல்டும் பாப்பாங்க, அந்த சேர்ட்டிபிகேட்டையும் கவனமா வைங்க. எல்லாத்துக்கும் மேல யூஜிசி வருஷா வருஷம் ஒரு கைநூல் போடுது, தமிழ்லயும் இருக்கு, அவங்கட வெப்சைட்ல எடுக்கலாம். போன வருஷத்து புத்தகம் எண்டாலும் பரவால்ல, மகளை இப்பவே எடுத்து விரும்புற பாடநெறிக்கு நேர எந்தப் பாடம் கேட்டிருக்கு எண்டு அவட கையாலயே எழுதச் சொல்லுங்க. அப்ளிகேஷன் போடுற வருஷம் அந்த வருஷத்துப் புத்தகத்தைப் பாத்துத்தான் போடோணும், சின்னச் சின்ன மாற்றம் வரும்.

இனி உங்கட தங்கச்சிட மகன். மெட்ஸ் ஸ்ட்ரீம்ல இணைந்த கணிதம், பிசிக்ஸ் ரெண்டோட கெமிஸ்ட்ரி இல்லாட்டி ஐசிடி எடுக்கலாம், அது செரி. ஆனா எஞ்சினியரிங் பீடத்துக்கு கெமிஸ்ட்ரி கட்டாயம், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துல இருக்கிற எஞ்சினியரிங் பீடம் எண்டாலும் மொறட்டுவை எண்டாலும் இதே சட்டம்தான். அவனுக்கு கம்ப்யூட்டர்தான் விருப்பம், சொப்ட்வெயார் பக்கம்தான் போகப் போறன் எண்டு தெளிவா சொன்னா ஐசிடி எடுக்கட்டும், கம்ப்யூட்டர் சயன்ஸ், ஐடி, பௌதிக விஞ்ஞானம் மாதிரி வழி இருக்கு. எஞ்சினியர் எண்ட எண்ணம் கொஞ்சமாவது இருந்தா கெமிஸ்ட்ரியை விடக்கூடாது, கெமிஸ்ட்ரி எடுத்தவனும் பொறகு கம்ப்யூட்டர் பக்கம் அப்ளை பண்ணலாம், ஐசிடி எடுத்தவன் எஞ்சினியரிங்குக்குப் போட ஏலா. அவன் இன்னும் வகுப்பு தொடங்கல்ல எண்டா இந்தக் கிழமைக்குள்ள உக்காந்து கதைக்கச் சொல்லுங்க, கெமிஸ்ட்ரி பிடிக்காததால ஓடுறானா, இல்ல ஐசிடி பிடிச்சதால போறானா எண்டு உங்கட தங்கச்சி அவனிட்டயே நேரா கேக்கட்டும்.